பெண் ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் நின்றால் கொழும்பில் ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு?

பெண் என்பதால் மட்டும் வருகிற பிரிவு இல்லை இது. 1960இல் சிறிமாவோவை உலகின் முதல் பெண் பிரதமராக்கிய நாடு இது. 1994இல் சிறிமாவோவின் மகள் சந்திரிகா 62 சதவீத வாக்குகளோடு ஜனாதிபதியானார். அவரை எதிர்த்து நின்ற பிரதான வேட்பாளரும் பெண்தான், ஸ்ரீமா திசாநாயக்க. ஆனால் கவனியுங்கள்: மூவருமே கணவனைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். சந்திரிகாவுக்குத் தாய் தகப்பன் பெயரும் இருந்தது. குடும்பப் பெயர் இல்லாத பெண் வந்தால்தான் "இவவால முடியுமோ?" என்ற கேள்வி எழும்புகிறது.

தமிழர் கணக்கு இன்னும் வேறு. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் மாமி 94இல் சமாதானம் வரும் என்று நம்பிச் சந்திரிகாவுக்குப் போட்டவர். அப்போது 'சந்திரிகா காப்பு' என்றே கடைகளில் வளையல் விற்றார்கள். அடுத்த வருடமே யுத்தம் திரும்ப வந்தது. இப்போது கேட்டால், "பொம்பிளை எண்டு இளகி வோட்டுப் போட்டன், இனி ஆள் ஆரெண்டு பார்க்க மாட்டன், என்ன செய்யினம் எண்டுதான் பார்ப்பன்" என்பார். அவர் மகளோ, பெண் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போடுவேன் என்கிறாள். ஒரே வீடு, ஒரே தேத்தண்ணி மேசை!

சரி, போடத்தான் ஆள் வேண்டுமே. 2019இல் 35 வேட்பாளர்களில் ஒரே ஒரு பெண். 2024இல் அதுவும் இல்லை. அதே வருடம் ஹரிணி அமரசூரிய பிரதமரானது ஜனாதிபதியின் நியமனத்தால், ஜனாதிபதித் தேர்தலில் நின்று அல்ல.