மார்னி நிக்சன்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாலிவுட் இசைப்படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் மார்னி நிக்சனை அரிய பாடகி என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நடிகைகளின் குரலைப் போலவே பாடிக்கொடுப்பது திறமைதான். ஆனால் அது ஒருவகை மிமிக்ரி அல்லவா? தனக்கென்று ஒரு குரல் இருந்திருந்தால் அவர் ஏன் வாழ்நாள் முழுவதும் திரைக்குப் பின்னாலேயே நின்றார்?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம் பாட்டுப் புத்தகங்களில் பின்னணிப் பாடகரின் பெயரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நட்சத்திரமே பாடுவதாக ரசிகர்கள் நம்பவேண்டும் என்று ஸ்டூடியோக்கள் விரும்பின. 1956இல் வந்த 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் நடிகை டெபோரா கெருக்காகப் பாடியதை வெளியே சொன்னால் இனி இந்த ஊரில் வேலையே கிடைக்காது என்று தன்னை மிரட்டியதாக நிக்சன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆகவே அவர் பின்னால் நின்றார் என்பதைவிட, நிறுத்தப்பட்டார் என்பதே பொருந்தும். உண்மையை முதலில் வெளியே சொன்னவர் கெர்தான் என்பதை அந்த நடிகையின் பெருமைக்காகவே இங்கே பதிவு செய்கிறேன்.

மிமிக்ரி என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. கெரும் நிக்சனும் அருகருகே நின்று ஒத்திகை பார்த்தார்கள். கெர் எந்தச் சொல்லில் மூச்சை இழுக்கிறார், கோபத்தில் அவர் வாய் எப்படி இறுகுகிறது என்பதையெல்லாம் கவனித்து, அந்தக் கதாபாத்திரத்தின் பேச்சு எவ்விடத்தில் பாட்டாக மாறவேண்டுமோ அவ்விடத்தில் நிக்சன் குரலை எடுத்தார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) வேலை இன்னும் கடினம். நாயகி நடாலி வுட் தம் குரலே படத்தில் வரும் என்ற நம்பிக்கையில், தாமே பாடிய பதிவுக்கு வாயசைத்து நடித்துவிட்டார். படப்பிடிப்பு முடிந்தபின், ஏற்கெனவே அசைந்துவிட்ட உதடுகளைத் திரையில் பார்த்து, அந்த அசைவின் பிசிறுகளுக்கும் ஈடுகொடுத்து நிக்சன் பாடவேண்டியிருந்தது. அதே படத்தில் ஐவர் சேர்ந்து பாடும் 'டுநைட்' பகுதியில் இன்னொரு நடிகையான ரீட்டா மொரேனோவின் வரிகளையும் அவரே பாடினார். இதற்குக் குரல் மட்டும் போதாது. சுருதியில் பிழையற்ற செவியும், நடிப்பைப் படிக்கும் அறிவும் வேண்டும். படத்தில் அவர் பெயர் இல்லை. இசைத்தட்டு விற்பனையிலும் அவருக்குப் பங்கு தரப்படாத நிலையில், படத்தின் இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தமக்கு வரவேண்டியதிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

தனக்கென்று ஒரு குரல் இருந்ததா என்று கேட்கிறீர்கள். 'தி கிங் அண்ட் ஐ' வெளிவந்ததற்கு மறு ஆண்டு, ஆஸ்திரிய நவீன இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்னின் படைப்புகளின் முழுத் தொகுப்பு, ராபர்ட் கிராஃப்ட் இசைக்குழுவை நடத்த, இசைத்தட்டுகளாக வந்தது. அதன் சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகிகளில் ஒருவர் நிக்சன். வெபர்னின் பாடல்களில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே பெரும் தாவல்கள் இருக்கும், பற்றிக்கொள்ளப் பழகிய மெட்டு இருக்காது. பயின்ற பாடகர்களே தயங்கும் அந்த இசையை, பகலில் ஸ்டூடியோவில் இன்னொருவர் சாயலில் பாடிய அதே பெண் தன் சொந்தக் குரலில் பாடினார். யாரையும் போலச் செய்து அங்கே தப்பிக்க முடியாது. ஷோன்பெர்க், ஐவ்ஸ் ஆகிய நவீன இசையமைப்பாளர்களின் பாடல்களையும் அவர் பதிவு செய்திருக்கிறார். என் மதிப்பீட்டில் அவரது வாழ்க்கையின் உயரம் இங்கேதான் இருக்கிறது. திரைப்படங்களின் புகழ் அதை மறைத்துவிட்டது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

வாழ்நாள் முழுவதும் திரைக்குப் பின்னால் என்பதும் சரியன்று. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் சிஸ்டர் சோஃபியாவாக அவர் முகத்தையே காணலாம். பின்னர் சியாட்டிலில் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார், கற்பித்தார், மேடை நாடகங்களில் நடித்தார். 1998இல் 'முலான்' படத்தில் பாட்டி கதாபாத்திரத்துக்காகப் பாடினார். 2016இல், தமது 86ஆம் வயதில் மறைந்தார்.

'மை ஃபேர் லேடி'யில் (1964) வரும் 'ஜஸ்ட் யூ வெயிட்' பாடலைக் கண்களை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அதில் ஒரு பகுதி நாயகி ஆட்ரி ஹெப்பர்னின் சொந்தக் குரல், உயரச் செல்லும் பகுதி நிக்சனுடையது. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடம் உங்களுக்குப் பிடிபட்டால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்