உரக் கம்பெனிகள் எதை வைத்துப் போட்டி போடுகின்றன? – கேள்வி பதில்

கேள்வி: எல்லா யூரியாவும் 46 சதவீத நைட்ரஜன்தானே சார், அப்புறம் எதில் போட்டி? பிராண்டிலா?

பதில்: பிராண்டெல்லாம் உள்ளூர் உரக்கடை வரைக்கும்தான், கப்பலில் கொட்டி வரும் யூரியாவுக்கு ஊரும் பேரும் கிடையாது. போட்டி முழுக்க கேஸ் விலையில் இருக்கிறது. ஒரு டன் யூரியாவுக்குத் தோராயமாக 25 எம்எம்பிடியு (கேஸை அளக்கும் வெப்ப அலகு) இயற்கை எரிவாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எம்எம்பிடியு 3 டாலருக்குக் கிடைப்பவருக்கு 75 டாலர் செலவு, 12 டாலருக்கு வாங்குபவருக்கு 300. இந்த 225 டாலரை எவ்வளவு கெட்டிக்கார மேனேஜர் வந்தாலும் சிக்கனம் பிடித்து ஈடுகட்ட முடியாது. கத்தாரும் ஓமனும் கேஸும் துறைமுகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடத்தில் ஆலையைக் கட்டியது சும்மா இல்லை.

கேள்வி: அப்படியானால் ஐரோப்பாக்காரர்கள் எப்படி இன்னும் தொழிலில் இருக்கிறார்கள்?

பதில்: சிரமப்பட்டுத்தான். கேஸிலிருந்து முதலில் அமோனியா, அதிலிருந்துதான் யூரியாவும் மற்ற நைட்ரஜன் உரங்களும். கேஸ் விலை எகிறிய 2022 ஆகஸ்டில் நார்வேயின் யாரா உர நிறுவனம் ஐரோப்பாவில் தன் அமோனியா உற்பத்தித் திறனில் சுமார் 35 சதவீதத்தை மட்டும்தான் ஓட்டியது. அடுத்த வருடம் ஜெர்மனியின் ரசாயன நிறுவனமான பிஏஎஸ்எஃப், லுட்விக்ஸ்ஹாஃபனில் ஓர் அமோனியா ஆலையையே மூடப்போவதாக அறிவித்தது. தப்பிக்கிற வழி என்னவென்றால், கேஸ் மலிவான நாட்டில் தயாரான அமோனியாவைக் கப்பலில் கொண்டுவந்து நைட்ரேட் உரமாக்குவதை மட்டும் அங்கே செய்வது. கடையில் மாவு வாங்கி வீட்டில் தோசை சுடுகிற கதைதான்.

கேள்வி: டிஏபிக்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை, டிஏபி பாஸ்பேட் உரம், அங்கே பாஸ்பேட் பாறைதான் ராஜா. உலகப் பாஸ்பேட் இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோ கையில். ஆனால் அந்த நாட்டு அரசின் பாஸ்பேட் நிறுவனமான ஓசிபி அதோடு சும்மா இருக்கவில்லை. கூரிப்கா சுரங்கத்தில் வெட்டிய பாஸ்பேட்டை முன்பு ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், 2014இல் அதைத் தண்ணீரில் கரைத்த குழம்பாக ஜோர்ஃப் லஸ்ஃபார் துறைமுகத்துக்கு 187 கிலோமீட்டர் குழாயில் விட ஆரம்பித்தார்கள். சுரங்கம் மேட்டில், துறைமுகம் கடலோரத்தில், பெரும்பாலும் இறக்கம்தான் வேலையைச் செய்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் மிகப் புத்திசாலித்தனமான முதலீடு அதுதான். ஒரே பலவீனம், கந்தகமும் அமோனியாவும் அவர்களும் வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பொட்டாஷ்?

பதில்: அந்தப் பொட்டாசியம் உரத்தை விற்பவர்கள் கொஞ்சம் பேர்தான், எனவே சரக்கை அடக்கி வாசித்தால் விலை நிற்கும். 2013இல் ரஷ்யாவின் உரால்காலி பொட்டாஷ் நிறுவனம், பெலாரஸோடு வைத்திருந்த கூட்டு விற்பனையை முறித்துக்கொண்டு அளவைக் கூட்டப் போகிறேன் என்றதும் விலை சரிந்தது. பெலாரஸுக்கு வந்த கோபத்தில் உரால்காலியின் தலைமை அதிகாரியை மின்ஸ்க்குக்கு அழைத்துக் கைதே செய்துவிட்டார்கள்!

கேள்வி: நம் ஆலைகள் ஏன் ஏற்றுமதி செய்வதில்லை அண்ணா?

பதில்: நமக்கே பற்றவில்லையே தம்பி. மணலியும் தூத்துக்குடியும் வெகுகாலம் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும், விலை அதிகமான நாப்தாவில் ஓடிய ஆலைகள், சமீப வருடங்களில்தான் கேஸுக்கு மாறின. இங்கே 45 கிலோ யூரியா மூட்டையின் விலையை அரசே நிர்ணயித்து மீதியை மானியமாகக் கொடுப்பதால் உலக விலையோடு நேரடி மோதலும் கிடையாது. இந்தியா செய்த உருப்படியான காரியம், கேஸ் இருக்கிற இடத்துக்கே போனது: ஓமனின் சூர் ஊரில் நம் கூட்டுறவு உர நிறுவனங்களான இஃப்கோவும் கிரிப்கோவும் ஆளுக்கு 25 சதவீதம் போட்டுக் கட்டிய ஓமிஃப்கோ ஆலை. 2005இலிருந்து அந்த யூரியா நம் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.