அம்மா தேறினால் பிள்ளையும் தேறும்

எட்டு வயது மகன் ஒரு வருடமாக ஒரே அடம், அடிதடி. எனக்கும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. முதலில் யாருக்கு வைத்தியம் பார்ப்பது? (வாசகி, தக்கலை)

உங்களுக்கு. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த சுமார் 150 அம்மாக்களையும் அவர்களின் பிள்ளைகளையும் அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பிள்ளைக்கு மனநலச் சிக்கல் இருந்தது. மூன்றே மாதத்தில், அம்மா முழுதாகத் தேறிய வீடுகளில் அது நாலில் ஒன்றாக இறங்கியது. தேறாத வீடுகளில் 40 சதவீதத்தைத் தாண்டியது. டாக்டரிடம் போகும்போது மகனையும் கூடவே அழைத்துப் போங்கள்.

மாசக்கணக்கில் கடலில் கிடக்கிறேன். மனைவி சோம்பேறி ஆகிவிட்டாள், பையன் சேட்டை தாங்கவில்லை. இரண்டு பேருக்கும் மருந்து எழுதுங்கள். (வாசகர், குளச்சல்)

பையனின் வயது எழுதவில்லை. மனைவிக்கு எத்தனை நாளாக இப்படி, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, ஒன்றும் இல்லை. மருந்துப் பெயர் மட்டும் வேண்டும். தர மாட்டேன்.

'சோம்பேறி' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. விடிந்தால் எழ முடியவில்லை, மீன்குழம்பு வைக்க மனமில்லை, பையன் கூப்பிட்டால் பதில் சொல்லத் தெம்பில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோயாக இருக்கலாம். பதில் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? சத்தத்தைக் கூட்டும், தட்டைத் தூக்கி எறியும். அதைப் பார்த்து அம்மா இன்னும் ஒடிந்துபோவார். ஒரு நாள் கத்துவார், மறுநாள் கண்டுகொள்ளாமல் விடுவார். இரண்டுமே சேட்டையை வளர்க்கும். 2017 ஓகிப் புயலில் கணவனைப் பறிகொடுத்த வீடுகள் நம் கடற்கரையில் எத்தனை! நீங்கள் திரும்பும்வரை அவர் என்ன பயத்தோடு படுக்கிறார் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? இந்தத் தடவை கரையேறியதும் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.

இரண்டு மாதம் மாத்திரை எடுத்தேன், சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன். இப்போது மகள் மறுபடி எரிந்து விழுகிறாள். (வாசகி, மார்த்தாண்டம்)

எத்தனை தடவை எழுதுவது? மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். தேறிய பிறகும் ஆறேழு மாதமாவது தொடர வேண்டும். மகளை விடுங்கள், உங்களுக்கே நோய் திரும்புகிறதா என்று இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் தேறி ஒரு மாதம் ஆகிறது. பையன் மாறவே இல்லையே? (வாசகி, நாகர்கோவில்)

பொறுங்கள். நாள்பட்ட பழக்கம் ஒரு மாதத்தில் போகாது. தினமும் கால் மணி நேரம், போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவனோடு விளையாடுங்கள். மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் அவனைத் தனியாகக் காட்ட வேண்டும்.

பிரசவம் ஆகி மூன்று மாதம், ஓயாத அழுகை. மருந்து எடுத்தால் பால் கெடும் என்கிறார் மாமியார். (வாசகி, அருமனை)

கெடாது. தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, டாக்டர் பார்த்துத் தருவார். சாகலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், காசு இல்லை.