பேஸ் ஆம்ப்ளிஃபையரின் விசிறி இரைச்சல் தாங்க முடியவில்லை. விசிறியைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து கழற்றாதீர்கள். இரவில் மெதுவாக வாசிக்கும்போது கிடாரைவிட விசிறிதான் அதிகம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எரிச்சலை நானும் நெடுநாள் அனுபவித்தேன். ஆனால் உள்ளே கொதிக்கும் டிரான்சிஸ்டர்களை உயிரோடு வைத்திருப்பது அந்த விசிறிதான். அதை நிறுத்தாமலே சத்தத்தைக் குறைக்க முடியும்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒலியைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஸ்பீக்கர் அருகே ஒருமுறை, ஆம்ப்பின் பின்பக்கம் ஒருமுறை கேளுங்கள். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தால் விசிறியின் மேல் குற்றமில்லை. பின்பக்கத்திலிருந்து ‘கரகர’ என்று வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, விசிறியை மாற்றத்தான் வேண்டும். ‘ஊம்’ என்ற ரீங்காரமாக இருந்தால் ஆம்ப்பின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சத்தம் குறைகிறதா? அப்படியானால் அதிர்வு பெட்டிக்குத் தாவுகிறது. ஆம்ப்பின் அடியில் தடித்த ரப்பர் துண்டுகள் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இறக்கைகளில் தூசி படிந்திருந்தால் தூரிகையால் துடையுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் இறக்கை சுழலாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும்.

இனி வெறும் ‘உஸ்’ என்ற காற்றுச் சத்தம். உங்களுடையது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து ஓர் அமைதியான விசிறியை வாங்கிப் பொருத்தினேன். அறையே நிசப்தமானது. அடுத்த நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டின் நடுவில் ஆம்ப் சூடேறித் தானாக அணைந்துவிட்டது. புதிய விசிறி தள்ளிய காற்று பழையதில் பாதிகூட இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற எண்ணைப் பாருங்கள். அது பழைய விசிறியின் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும்.

விசிறியின் வேகத்தைக் குறைத்தால் காற்றின் அளவு அதே விகிதத்தில் குறையும், சத்தமோ அதைவிட வெகு வேகமாகக் குறையும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்றும் 20 சதவீதம்தான் குறைகிறது, ஆனால் சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கிவிடுகிறது. பாதி வேகத்தில் 15 டெசிபல் வரை இறங்கும். மெதுவாக வாசிக்கும்போது வெப்பமும் குறைவு என்பதால் அப்போது முழு வேகம் தேவையே இல்லை.

கடைசியில் நான் செய்தது இதுதான். பழைய விசிறிக்கு நிகராகக் காற்றுத் தள்ளும், நல்ல பேரிங் உள்ள 12 வோல்ட் விசிறியை ரப்பர் ஆணிகளில் பொருத்தி, அதற்குத் தொடராக, மின்னோட்டத்தைக் குறைத்து விசிறியை மெதுவாக்கும் ஒரு ரெசிஸ்டரைச் (மின்தடை) சேர்த்தேன். 0.15 ஆம்பியர் விசிறிக்கு 39 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைச் சேர்த்தால் விசிறிக்குச் சுமார் 8 வோல்ட் கிடைக்கும். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக, 50 டிகிரியில் மூடிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும் வெப்ப ஸ்விட்ச் ஒன்றை ஹீட்சிங்கில் (டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டினேன். ஆம்ப் சூடானால் ஸ்விட்ச் மூடும், ரெசிஸ்டர் விலக்கப்பட்டு விசிறி முழு வேகத்துக்கு வரும். எந்த விசிறியாக இருந்தாலும், குறைந்த வோல்ட்டில் நின்ற நிலையிலிருந்து தானாகக் கிளம்புகிறதா என்று பலமுறை சோதித்துவிட்டுத்தான் மூடியைப் பூட்ட வேண்டும்.

விசிறியின் ஸ்டிக்கரைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். சில ஆம்ப்புகளில் 24 வோல்ட் விசிறி, சிலவற்றில் நேரடியாக 230 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்னோட்ட) விசிறி இருக்கும். மேலே சொன்ன ரெசிஸ்டர் கணக்கு ஏசி விசிறிக்குப் பொருந்தாது. காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறி பழைய விசிறியில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்கட்டும்.

ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை மீட்டரால் அளந்து பாதுகாப்பாக வெளியேற்றிப் பழக்கமில்லை என்றால், மூடியைத் திறக்காமல் ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள். இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருக்கும் ஆம்ப்பையும் திறக்க வேண்டாம். ரப்பர் துண்டுகளையும் தூரிகையையும் இன்றைக்கே முயன்று பாருங்கள், அவற்றுக்குத் திருகைத் தொட வேண்டியதில்லை.