கேள்வி–பதில்: ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு?

போன இதழில் இந்தப் பகுதியின் கடைசியில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தேன்: உங்கள் கணினியின் புதுத் தோற்றம் பிடித்திருக்கிறதா? அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி வந்து குவிந்துவிட்டது. பெரும்பாலும் திட்டுதான். கொஞ்சம் என்னையும் சேர்த்துத் திட்டியிருக்கிறார்கள், நான்தான் வரைந்து கொடுத்த மாதிரி. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விண்டோஸ் 11-க்கு மாறி மூன்று வாரம் ஆகிறது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பது தெரியும், ஆனாலும் மவுஸ் இடது மூலைக்கே ஓடுகிறது. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை இது உண்மையிலேயே மோசமான மாற்றமா?

வயதில் ஒன்றும் இல்லை, கைப்பழக்கம்தான். இருட்டில் வீட்டுக்குள் நுழைந்தால் கை தானாக சுவிட்ச் இருக்கும் இடத்துக்குப் போகிறது அல்லவா, அதேதான். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளிவந்ததிலிருந்து அந்தப் பட்டன் இடது கீழ் மூலையில் இருந்தது. நடுவில் விண்டோஸ் 8 செய்த கூத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் கால் நூற்றாண்டுப் பழக்கம். மூன்று வாரத்தில் போய்விடுமா?

மோசமான மாற்றமா என்று கேட்டால், பாதி ஆமாம். மூலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கண்டு சொன்ன விதி ஒன்று இருக்கிறது: ஒரு இலக்கைக் கை தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. திரையின் மூலையில் இருக்கும் பட்டனுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், மவுஸைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் விளிம்பு பிடித்து நிறுத்திவிடும், அதாவது சின்ன பட்டன்கூடக் கைக்குப் பெரிய பட்டனாகிவிடுகிறது. (இதில் ஒரு வேடிக்கை, விண்டோஸ் 95-ல் அந்தப் பட்டன் மூலையோடு ஒட்டாமல் ஒரு மெல்லிய இடைவெளி விட்டு நின்றது. சரியாக மூலையில் கிளிக் செய்தால் மெனு வராது! பிறகுதான் சரிசெய்தார்கள்.)

நடுவில் கொண்டுவந்து வைத்ததில் அந்த வசதி போனது மட்டும் இல்லை, பட்டன் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. நிரல்களைத் திறக்கத் திறக்க ஐகான் வரிசை நீள்கிறது, ஸ்டார்ட் பட்டன் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. அகலமான திரையில் கண் நடுவில்தானே இருக்கிறது என்று பார்த்தால் ஒரு நியாயம் தெரியும், ஆனால் நகரும் குறியைக் கை எப்படிப் பழகும்?

சரி, தீர்வு சின்னது. டாஸ்க்பாரில், அதாவது ஐகான்கள் வரிசையாக நிற்கும் கீழ்ப்பட்டையில், காலியான இடத்தில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், அதில் கடைசியாக உள்ள டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், அங்கே அலைன்மென்ட் என்பதில் சென்டரை லெஃப்ட் ஆக்குங்கள். அரை நிமிட வேலை.

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் இவர்கள் சும்மா விடமாட்டேன் என்கிறார்கள்? யாராவது கேட்டார்களா?

இதே கேள்வியைப் பத்துவிதமான கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேலையில்லாத வடிவமைப்பாளர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லிவிடுவது எளிது, ஆனால் நடந்தது வேறு.

விண்டோஸ் 8-ஐயே எடுத்துக்கொள்வோம். 2010-ல் ஐபேட் வந்துவிட்டது. இனி எல்லாரும் விரலால்தான் கணினியைத் தொடுவார்கள், மவுஸ் செத்துவிடும் என்ற பயம் தொழில் முழுக்கப் பரவியிருந்த காலம். 2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வந்தது, ஸ்டார்ட் பட்டன் இல்லை, திரை முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள். விரலுக்கு அது அருமை, மறுக்கவே முடியாது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் மேஜையில் உட்கார்ந்து மவுஸ் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். கணினியை அணைக்கவேண்டும் என்றால் மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய், மறைந்திருக்கும் ஒரு பட்டையை வெளியே வரவழைத்து, அதில் செட்டிங்ஸைத் தட்டி, அதற்குள் பவரைத் தட்டி... அணைக்கத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கியவர்களை எனக்கே தெரியும். ஒரு வருடம் கழித்து, 2013 அக்டோபரில், 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. வந்ததே தவிர, அழுத்தினால் அதே கட்டங்கள்தான். உண்மையான ஸ்டார்ட் மெனு திரும்ப 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது.

இதை ஒரு நிறுவனத்தின் திமிர் என்று மட்டும் நினைக்காதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய, காசு வாங்காத லினக்ஸ் இயங்குதள உலகத்திலும் அதே நேரத்தில் அதே காய்ச்சல். 2011 ஏப்ரலில் லினக்ஸின் திரைத்தோற்றங்களில் ஒன்றான நோம் 3 வந்தது, விண்டோக்களின் மேலிருந்த மினிமைஸ், மேக்சிமைஸ் பட்டன்கள் இரண்டையும் தூக்கிவிட்டார்கள். அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வகை தன் பங்குக்கு யூனிட்டி என்ற புது முகத்தை எல்லார் தலையிலும் கட்டியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே நோம் 3 பிடிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு தோற்றத்துக்கு மாறிக்கொண்டார், பிறகு திரும்பினார் என்பது வேறு கதை. ஆனால் லினக்ஸில் ஒரு வசதி, பிடிக்கவில்லை என்றால் பழைய மூலநிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடலாம். பழைய நோம் 2-ஐ அப்படியே காப்பாற்றி மாட்டே என்று ஒன்று வந்தது, லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையைச் செய்கிறவர்கள் சின்னமன் என்று இன்னொன்றைச் செய்தார்கள், இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. யூனிட்டியை 2017-ல் உபுண்டுவே கைவிட்டது.

ஆக, மாற்றியதற்குக் காரணம் இருந்தது. புதிதாக வரப்போகிறவரை நினைத்துக்கொண்டு ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் நாற்காலியை இழுத்ததுதான் தப்பு. என் அளவுகோல் இதுதான்: ஒரு வேலை இரண்டு வாரம் பழகிய பிறகும் முன்பைவிட அதிக கிளிக் கேட்கிறது என்றால் அது பழக்கக் கோளாறு இல்லை, வடிவமைப்புக் கோளாறு. இரண்டு வாரத்தில் மறந்துவிட்டீர்கள் என்றால், வெறும் முதல் நாள் கடுப்பு.

மேக் கணினியை டஹோ பதிப்புக்கு மாற்றினேன். எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பின்னால் உள்ள படமும் முன்னால் உள்ள எழுத்தும் கலந்து தலைவலி வருகிறது.

2025 செப்டம்பரில் வந்த லிக்விட் கிளாஸ் தோற்றம் அது. சிஸ்டம் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதில் டிஸ்ப்ளே, அங்கே ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சியை இயக்குங்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம், கொஞ்சம் மங்கினால் போதும் என்றால் 26.1 பதிப்பு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், அப்பியரன்ஸ் பகுதியில் டின்டட் என்ற தேர்வைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் பதிப்பு வந்து இரண்டே மாதத்துக்குள் அதைச் சேர்க்கவேண்டி வந்தது என்றால் தலைவலி உங்களுக்கு மட்டும் இல்லை என்று அர்த்தம். கண்ணாடி மோகம் புதிதும் இல்லை, 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதும் இதே கண்ணாடிதான். கடையில் பார்க்க அழகாக இருப்பது வேறு, எட்டு மணி நேரம் உற்றுப் பார்க்கத் தோதாக இருப்பது வேறு.

விண்டோஸ் 11-ல் ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் எனக்கு வேண்டியது எதுவுமே இல்லை. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்று ஒன்றை அழுத்தவேண்டியிருக்கிறது. நாள் முழுக்கக் கோப்புகளோடு வேலை செய்கிறவள் நான்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், நேராகப் பழைய மெனுவே வரும். கீபோர்டில் கை இருந்தால் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், எஃப்10.

மைக்ரோசாஃப்ட் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாம் போடும் ஒவ்வொரு மென்பொருளும் அந்த மெனுவில் தன் பெயரையும் ஒரு வரி செருகிவிட்டுப் போகும், சிலரிடம் அந்த மெனு திரை உயரத்துக்கு வளர்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கவேண்டியதுதான். ஆனால் கட், காப்பி, பேஸ்ட்டை எழுத்தில்லாத வெறும் படங்களாக்கி மேலே தூக்கி வைத்தார்கள் பாருங்கள், அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. எது எது என்று ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்க்கவேண்டியிருந்தது. 2024-ல் வந்த பதிப்பில்தான் படங்களுக்குக் கீழே பெயர் போட்டார்கள்.

எனக்குப் பதினேழு வயது. புதுத் தோற்றம் நன்றாகத்தானே இருக்கிறது? பெரியவர்கள் ஏன் இப்படிப் புலம்புகிறார்கள்?

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அந்த நீலப் பட்டையையும் பச்சை பட்டனையும் பார்த்து, குழந்தைகளின் பொம்மை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். பழைய சாம்பல் நிறத் தோற்றத்துக்கு மாற்றிக்கொண்டு வேலை செய்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன். அதே எக்ஸ்பியை 2014 ஏப்ரலில் ஆதரவு நிறுத்தும்வரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டதும் அதே ஆட்கள்தான். உங்களுக்கு நாற்பது வயதாகும்போது இந்த விண்டோஸ் 11-ஐ நினைத்து உருகுவீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் ஆனதிலிருந்து அம்மா 'கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு' என்கிறார். கெடவில்லை, முகம்தான் மாறியிருக்கிறது என்று சொன்னால் கேட்பதில்லை. எப்படிப் புரியவைப்பது?

புரியவைக்க வேண்டாம். அம்மா சொல்வது சரி. அவர் அறிந்த கணினி என்பது அந்த ஐகான்கள் இருந்த இடம்தான், இடம் போனால் கணினி போனது.

அவர் தினமும் செய்யும் வேலைகள் எத்தனை என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கைந்துக்கு மேல் போகாது. அந்த ஐந்தையும் டாஸ்க்பாரில் நிரந்தரமாக நிற்கும்படி 'பின்' செய்து, மற்றதையெல்லாம் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். வரிசையை அவரே சொல்லட்டும். முக்கியமாக, சொல்லிக்கொடுக்கும்போது மவுஸை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். "இங்கே கொடு, நான் காட்டுறேன்" என்று நீங்கள் நாலு கிளிக் செய்து காட்டினால் உங்களுக்குத் திருப்தி, அவர் கைக்கு ஒன்றும் ஏறியிருக்காது.

அப்புறம், ஸ்க்ரோல் பாரைக் கவனியுங்கள். 2011-ல் மேக் லயன் பதிப்பில் அதை மறைக்கத் தொடங்கினார்கள், பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். என் சித்தப்பா ஒரு விண்ணப்பத்தைப் பாதி மட்டும் நிரப்பிவிட்டு, அனுப்பும் பட்டனே இல்லை என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். பட்டன் கீழே இருந்தது. கீழே என்று ஒன்று இருப்பதைச் சொல்லத் திரையில் ஒரு கோடுகூட இல்லை. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ், அங்கே 'ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்'. அதே பக்கத்தில் கண்ணாடி விளைவையும் அசைவுகளையும் அணைத்துவிடலாம். பழைய கணினிக்குக் கொஞ்சம் மூச்சும் கிடைக்கும்.

பழைய ஸ்டார்ட் மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் துணை மென்பொருள்களைப் போடலாமா?

போடலாம், ஒன்று மட்டும். விண்டோஸ் 8 காலத்தில் பலரைக் காப்பாற்றிய கிளாசிக் ஷெல்லை அதன் ஆசிரியர் 2017-ல் நிறுத்திவிட்டார், அதன் மூலநிரலிலிருந்து ஓப்பன்-ஷெல் என்ற பெயரில் மற்றவர்கள் தொடர்கிறார்கள். இவையெல்லாம் இயங்குதளத்தின் உள்ளுறுப்புகளில் கைவைத்துத்தான் வேலை செய்கின்றன, அதனால் ஒரு பெரிய அப்டேட் வந்த மறுநாள் டாஸ்க்பாரே காணாமல் போகலாம். அப்போது கணினியை ஃபார்மேட் செய்யக் கிளம்பாதீர்கள், அந்த மென்பொருளை நீக்கிப் பாருங்கள். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

நாம் கத்துவதை யாராவது கேட்கிறார்களா?

கேட்கிறார்கள், மெதுவாக. மேக் லயனில் 'சேவ் ஆஸ்' கட்டளையை எடுத்துவிட்டு டூப்ளிகேட் என்று ஒன்றைக் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டே ஆப்ஷன் கீக்குப் பின்னால் ஒளித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11 வந்தபோது கோப்பை இழுத்து டாஸ்க்பார் ஐகானில் போட முடியாது, 2022-ல் அது திரும்பியது. ஐகானுக்குப் பக்கத்தில் விண்டோ பெயரைக் காட்டும் வசதி 2023-ல் வந்தது. இரண்டும் பழைய பதிப்பில் இருந்தவைதான், எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவை.

ஆனால் "படு மோசம், பழையதையே கொடு" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் கீயும் எஃப்-உம் அழுத்தினால் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கருத்து அனுப்பும் ஃபீட்பேக் ஹப் திறக்கும். அதில் எந்த வேலை, முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எழுதுங்கள். ஏற்கெனவே வேறு யாராவது அதையே எழுதியிருந்தால் புதிதாக ஒன்று தொடங்காமல் அதற்கு வாக்குப் போடுங்கள்.

எல்லாருக்கும் யோசனை சொல்கிறீர்களே, உங்கள் கணினியில் ஸ்டார்ட் பட்டன் எங்கே இருக்கிறது?

இடது மூலையில். ஆனால் அதைத் தொட்டே நாளாச்சு. விண்டோஸ் கீயைத் தட்டி, வேண்டியதன் முதல் இரண்டு எழுத்தை அடித்து என்டர். விஸ்டா காலத்தில் பழகியது, அவர்கள் முகத்தை எத்தனை தடவை மாற்றினாலும் இன்றுவரை ஓடுகிறது.