ஏழே முக்கால் பசி

கேள்வி:

வயது 41. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பதினாறு வருஷமாக மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் வாசம். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கல்யாணத்தின்போது 54 கிலோ இருந்தேன், இப்போது 76. உயரம் 158 செ.மீ. போன மாதம் ஆபீஸில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. "இன்னும் சுகர் வரல, வாசல்ல நிக்குது, வெயிட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இத்தனைக்கும் நான் அதிகம் சாப்பிடுகிறவள் இல்லை. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் மூன்று சப்பாத்தி, ஒரு சப்ஜி. ராத்திரி மட்டும்தான் சோறு. போன வருஷம் மாவுச்சத்தைத் தள்ளும் கீட்டோ டயட் இருந்து இரண்டு மாதத்தில் 6 கிலோ இறக்கினேன். விட்டதும் 8 கிலோ ஏறிவிட்டது. மாமியார் ஆசையாகச் சமைத்துத் தட்டில் போடுவதை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஜிம்முக்கு நேரமில்லை. கூட வேலை பார்ப்பவள் எடை குறைக்கிற ஊசி போட்டுக்கொள் என்கிறாள். அரிசியை அடியோடு நிறுத்தினால் குறையுமா? என் ஒரு நாள் கதையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

– டோம்பிவிலி வாசகி

பதில்:

அரிசியை நிறுத்த வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதிலைப் படித்து முடிக்கும்வரை உங்கள் நினைப்பு குக்கரிலேயே இருக்கும்.

கடிதத்தைவிட அந்தத் தனித்தாள்தான் எனக்கு அதிகம் பேசியது. ஐந்தேகாலுக்கு எழுந்திருக்கிறீர்கள், ஏழே இருபது லோக்கல், மதியம் ஒரு மணிக்கு டப்பா, ஆறரைக்கு சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ரயில், பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்ததும் சாப்பாடு, பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது படுக்கை. எல்லாம் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: "7.45 – ஸ்டேஷன் வாசலில் வடா பாவ், சில நாள் இரண்டு." அதற்குக் கீழே இன்னும் சின்னதாக, "சீரியல் பார்க்கும்போது கொஞ்சம் மிக்சர்."

இந்த இரண்டு வரியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. சாப்பாடு என்றால் தட்டு போட்டு உட்கார்வது என்று நமக்கு ஒரு கணக்கு உண்டு. நின்றுகொண்டு தின்றதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு வருஷம் "ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிட்டேன்" என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு, பதினோரு மணிக்கு விளக்கைக்கூடப் போடாமல் அடுக்களையில் மிக்சர் சம்படத்தைத் திறந்துகொண்டிருந்தேன். மூடி சத்தம் கேட்காமல் திறப்பதில் கைதேர்ந்தவளாகிவிட்டேன். எடை குறையவில்லை.

சரி, உங்கள் நாளைப் பார்ப்போம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் ஏழே முக்கால் வரைக்கும் டீயைத் தவிர எதையும் தொடவில்லை. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். அதில் ஒன்றே கால் மணி நேரம் லேடீஸ் பெட்டியில் நாலாவது சீட்டில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் வந்திருக்கிறீர்கள். இறங்கினதும் எண்ணெயில் வடை பொரிகிற வாசனை. அந்த நேரத்தில் வேண்டாம் என்று நடந்துபோக முனிவராக இருக்க வேண்டும். ஒரு வடா பாவில் சுமார் 300 கலோரி. மிக்சர் நூறு கிராமுக்கு 500க்கு மேல். டிவி முன்னால் நூறு கிராம் எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் பத்து மணிக்கு முழுச் சாப்பாடு. நீங்கள் அதிகம் சாப்பிடுகிறவர் இல்லைதான். ஆனால் சாப்பிடுவதில் பெரும்பகுதியை ராத்திரி ஏழே முக்காலுக்கும் பத்தரைக்கும் நடுவில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறீர்கள்.

கீட்டோவில் போனது ஏன் திரும்பியது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மாவுச்சத்தை நிறுத்தினதும் முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பாலும் தண்ணீர்தான். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, தன் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போய்விடும், சோறு திரும்பினதும் அதுவும் திரும்பிவிடும். அது போக, எடை குறைந்தால் உடம்பு பசியைக் கூட்டிவிடும். அந்தக் கூடின பசியோடு நீங்கள் அதே ரயிலில், அதே ஸ்டேஷனில், அதே ஏழே முக்காலுக்கு இறங்கினீர்கள். மெனு மாறியது, டைம்டேபிள் மாறவில்லை.

அதனால் முதல் மாதம் ஒரே ஒரு வேலை. சாயந்திரம் ஐந்தரைக்கு, ஆபீஸை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், கையில் இன்னொரு டப்பா இருக்க வேண்டும். அதில் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ, ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ. ரயிலடியில் காகிதக் கூம்பில் சிங்-சனா (வேர்க்கடலையும் வறுத்த கொண்டைக்கடலையும்) விற்கிறார்களே, அதில் சனாவை மட்டும் வாங்கினாலும் போதும். 30 கிராமில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது, வயிறு இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காது. பசி வந்தபிறகு தேடினால் வடைதான் கிடைக்கும், அதனால் பசிக்கவில்லை என்றாலும் ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள். வடா பாவை ஒரேயடியாகத் துறக்கவும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஒன்று, உட்கார்ந்து, மகளோடு, ருசித்து.

அது பழகினபிறகு மற்றதெல்லாம். காலையில் பிஸ்கட்டுக்குப் பதில் இட்லியோ முட்டையோ ஆபீஸ் மேஜையில் ஒன்பது மணிக்குச் சாப்பிடுங்கள். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

டீயில் சொல்ல இருக்கிறது. ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து ஸ்பூன் என்றால் 40 முதல் 50 கிராம் சர்க்கரை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 25–30 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. உங்களுக்கு டீயிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது. ஒரேயடியாகச் சர்க்கரையில்லாத டீ குடிக்கச் சொன்னால் நான்காம் நாள் என்னைத் திட்டுவீர்கள். ஐந்தை மூன்றாக்குங்கள், இரண்டு ஸ்பூனை ஒன்றாக்குங்கள். ஆபீஸ் டீக்காரர் கெட்டிலிலேயே சர்க்கரை போட்டுக் கொண்டுவருகிறவராக இருந்தால் கட்டிங் போதும், முழு கிளாஸ் வேண்டாம்.

இனி மாமியார். உங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் ஒரு 5 லிட்டர் எண்ணெய் டின் தீர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வருகிறது. 2,000 கலோரிச் சாப்பாட்டுக்கு அதே நிறுவனம் சொல்லும் அளவு 27 கிராம். இதை அத்தையிடம் கிராமில் சொல்லாதீர்கள், சண்டை வரும். புது டின் உடைக்கிற அன்று அதன் மேலேயே மார்க்கரால் தேதி எழுதச் சொல்லுங்கள். "இந்த டின் ஒன்றரை மாசம் வரணும் அத்தை" என்றால் அவருக்கு அது சிக்கனம், உங்களுக்கு வைத்தியம். எங்கள் வீட்டில் தேதி எழுத ஆரம்பித்த பிறகு பொரியலில் எண்ணெய் மிதப்பது தானாக நின்றது. எழுதினவருக்கே ரோஷம் வந்துவிடும்.

ஆசையாகப் போடுகிறார் என்றால் என்ன போடுகிறார் என்பதை மாற்றலாமே. சமைக்கிறவரிடம் "வேண்டாம்" என்பதைவிட "இன்னொரு கரண்டி கீரை போடுங்க அத்தை" என்பது எவ்வளவோ மேல். சோறு இரண்டு சின்னக் கரண்டி. தட்டில் பாதி இடம் கீரை, பொரியல், அவியல். பருப்போ மீனோ முட்டையோ கால் பங்கு. தென்காசிக்காரர்களுக்கு மீன் குழம்பு இருந்தால் சோறு இரண்டு கரண்டியோடு நிற்காது என்பது எனக்குத் தெரியும். மீன் குழம்பு வைக்கிற அன்று மூன்று கரண்டி.

ராத்திரி பத்து மணிச் சாப்பாடுதான் இதில் கஷ்டமான இடம். வீட்டுக்காரர் வரும்வரை காத்திருப்பது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிட முடியாது. ஆனால் எட்டரைக்கு மகளோடும் அத்தையோடும் நீங்கள் சாப்பிட்டுவிட்டு, அவர் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கலாம். பேச்சுத் துணைதானே வேண்டும், பேச்சுக்குச் சோறு எதற்கு? ஒரு வாரம் அவருக்கு முறைப்பாக இருக்கும். இப்படிச் செய்தால் பத்தே முக்காலுக்குப் படுக்கலாம். இப்போது நீங்கள் தூங்குவது ஐந்தரை மணி நேரம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பிலும் எண்ணெயிலும்தான் நாக்கு போகும்.

ஜிம் வேண்டாம். சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி ஃப்ளோரா ஃபவுண்டன் வரை பஸ் பிடிக்கிறீர்கள். அது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், நடந்தால் பதினைந்து நிமிடத்துக்குள். போக 15, வர 15, வாரம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் கேட்கும் குறைந்தபட்சமும் அதேதான். ஜூலை மழையில் எப்படி என்று கேட்பீர்கள். அந்த வழியில் டி.என். ரோட்டில் கட்டடங்களுக்குக் கீழேயே தூண் வைத்த நடைபாதை ஓடுகிறதே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, பெரும்பாலான தூரம் தலை நனையாமல் போகலாம். பழைய புத்தகக்காரர், மொபைல் கவர் விற்பவர், பெல்ட்காரர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். வேடிக்கை பார்க்க நிற்காமல் கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் போங்கள். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் ஆபீஸ் வராந்தாவில் உலாத்தினால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். உங்கள் 6.1க்கு அது நல்லது.

ஊசியைப் பற்றி. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தபின் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கிறது. வேலை செய்யும் மருந்துகள்தான், ஏமாற்று இல்லை. பசியை அடக்கும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது, அதோடு செலவு. உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; பக்கத்து மேஜைக்காரர் சொல்லக்கூடாது. மருத்துவரிடம் போகும்போது தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மாதவிலக்கு முறைதவறி வருகிறதென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து ஃபிளாட்டில் விற்கும் ஷேக் பவுடர், இடுப்பில் கட்டும் வேர்வை பெல்ட் இரண்டையும் தொடவே வேண்டாம்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? 54க்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. நம் உடல்வாகுக்கு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 23க்கு மேல் போனாலே அதிகம், 25க்கு மேல் பருமன், உங்களுடையது 30. ஆனாலும் இப்போதைக்கு 4, 5 கிலோ இறங்கினாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும், அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் வாரம் ஒரு தடவைக்கு மேல் ஏறாதீர்கள். மாதம் ஒரு தடவை தையல் டேப்பால் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள்; பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

முள் நகராத மாதமும் வரும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உங்களைப்போல் சர்க்கரை வாசலில் நின்ற 531 பேரைக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றினவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவேயில்லை. தராசு சொல்லாததை ஏ1சி சொல்லும். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு எண்ணை எனக்கு எழுதுங்கள்.

ஐந்தரை டப்பாவுக்கு அத்தையிடம் நரிப்பயறு சுண்டல் கேளுங்கள். டோம்பிவிலி காய்கறிக் கடைகளில் மட்கி என்று முளைகட்டியே கிடைக்கும். பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, எலுமிச்சை பிழிந்தால் போதும். நன்றாக ஆறினபிறகு மூடுங்கள், ஆபீஸ் போனதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேங்காய் மட்டும் வேண்டாம். கலோரிக்காகச் சொல்லவில்லை, காலை ஆறு மணிக்குத் துருவிப் போட்ட தேங்காய் மும்பை வெயிலில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள்ளேயே கெட ஆரம்பித்துவிடும். தேங்காய் இல்லாத சுண்டலா என்று அத்தை முகம் சுளிப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் போட்டுக்கொள்ளட்டும்.