லைப்ரரியன் சங்கத்துல மெம்பர் ஆகி என்ன பிரயோஜனம்? உங்க கேள்விகளும் என் பதில்களும்

கடலூர்ல ஒரு காலேஜ்ல 31 வருஷம் நூலகரா இருந்துட்டு ரிட்டயர் ஆனவன் நான். ஆகஸ்ட் 12 நூலகர் தினம் வருதே, சங்க மெம்பர்ஷிப் பத்தி ஏதாவது கேட்கணும்னா கேளுங்கன்னு வாய் தவறி சொல்லிட்டேன். வந்த கேள்விங்கள்ல சிலதுக்கு இங்க பதில்.

சார், லைஃப் மெம்பர்ஷிப் போட்டு 4 வருஷம் ஆச்சு. கார்டு பர்ஸ்ல இருக்கு, வேற ஒண்ணும் நடக்கல. பணம் தண்டமா? (உதவி நூலகர், பாகூர்)

தண்டம் இல்ல தம்பி, நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். சந்தா கட்டுவேன், ஜர்னல் தபால்ல வரும், கவரைப் பிரிக்காம மேஜைக்கு அடியில தள்ளிடுவேன். 6 வருஷம் கழிச்சு ஸ்டாக் வெரிஃபிகேஷன் அன்னிக்கு இழுத்துப் பார்த்தா அடியில இருந்த 4 கவரும் கரையான் அரிச்சு, தொட்டா மாவா உதிருது. "லைப்ரரியன் படிக்கலன்னு கரையான் படிச்சிடுச்சு"ன்னு அட்டெண்டர் காலேஜ் பூரா சொல்லிட்டு வந்துட்டார்.

பணம் கட்டினா கைக்கு வர்றது ஒரு நம்பர்தான். இந்த மாசம் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, உங்க லைப்ரரியில ரொம்ப நாளா தீராம இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்துக்கிட்டு மெம்பர் லிஸ்ட்ல இருக்கிற ஒருத்தருக்குப் போன் போடுங்க. முன்ன பின்ன தெரியாதவராச்சேன்னு கூச்சப்படாதீங்க, நம்மகிட்ட வந்து யாராவது சந்தேகம் கேட்டா நமக்கே எவ்ளோ சந்தோஷமா இருக்கும்!

எதுல சேரறது சார்? பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. (எம்.லிப் மாணவி, அண்ணாமலை யுனிவர்சிட்டி)

1928ல சென்னையில ஆரம்பிச்சது மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன், மாலாம்பாங்க. இந்தியா முழுக்கன்னா 1933ல வந்த இந்தியன் லைப்ரரி அசோசியேஷன், ஐஎல்ஏ. ஆராய்ச்சி நிறுவனம், சிறப்பு நூலகம்னு போறவங்களுக்கு 1955ல கல்கத்தாவுல ஆரம்பிச்ச ஐயாஸ்லிக். மெடிக்கல் காலேஜ் பக்கம் போனா மருத்துவ நூலகர்களுக்குத் தனிச் சங்கமே இருக்கு. உலக அளவுல இஃப்லா, அது இப்ப அவசரமில்லம்மா. முதல்ல ஒண்ணே ஒண்ணு போதும், அதுவும் பஸ் ஏறிப் போய்ட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்பற தூரத்துல கூட்டம் நடக்கிறதா பாருங்க. மாணவர் கட்டணம் உண்டான்னு கேளுங்க. எடுத்த எடுப்புல லைஃப் மெம்பர் ஆகாதீங்க, ஒரு வருஷம் பழகிப் பாருங்க.

சம்பளம் ஏத்தித் தருமா உங்க சங்கம்? (ஊர்ப்புற நூலகர், பண்ருட்டி பக்கம்)

கோபம் புரியுதுங்க. சம்பளம், பணி நிரந்தரம் இதெல்லாம் ஊழியர் சங்கத்து வேலை. நான் சொல்றது தொழில் சங்கம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா ரெண்டு மேலயும் வெறுப்புதான் வரும். ஆனா தொழில் சங்கத்தால வயித்துக்கு ஒண்ணும் இல்லன்னும் சொல்லிட முடியாது. நம்ம சிதம்பரத்துக்குப் பக்கத்து சீர்காழிக்காரர் ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர், மாலாவுக்கு செயலாளரா இருந்துக்கிட்டு சட்டம் வேணும் சட்டம் வேணும்னு வருஷக்கணக்கா ஓயாம பேசினாங்க, 1948ல பொது நூலகச் சட்டம் வந்துச்சு. சொத்து வரியோட சேர்த்து வசூல் பண்ற நூலக வரி அந்தச் சட்டத்துல வந்ததுதான், உங்க நூலகம் நடக்கிறதே அதுலதான். சங்கம் ஆரம்பிச்சு அந்தச் சட்டம் வர்றதுக்கே 20 வருஷம் ஆச்சேன்னு நீங்க திருப்பிக் கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

அவசரத்துக்கு சங்கம் உதவின கதை ஒண்ணாவது இருக்கா? (நூலகர், முதலியார்பேட்டை)

இருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல். கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சே, அன்னிக்கு எங்க ரெஃபரன்ஸ் செக்‌ஷன் கூரை ஷீட் பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. அடுத்த நாள் கதவைத் திறந்தா முட்டிக்குக் கீழ இருக்கிற ரேக் எல்லாம் சொதசொதன்னு இருக்கு, புத்தகம் உப்பிப்போய் ரேக்கை விட்டு வெளிய வரவே மாட்டேங்குது. வெயில்ல காயவைக்கலாம்னு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய்க்கிட்டு இருக்கோம், அப்பதான் ஒரு கருத்தரங்குல பக்கத்து சீட்ல உட்கார்ந்து பழக்கமான சென்னைக்காரர் ஞாபகம் வந்தார், பழைய ஆவணம் பாதுகாக்கிறதுல கெட்டிக்காரர். எப்படியோ லைன் கிடைச்சுது. "வெயில்ல வைக்காதய்யா, அட்டை முறுக்கிக்கும்"னு முதல்ல ஒரு சத்தம் போட்டார். அப்புறம் ஒண்ணொண்ணா சொன்னார்: புத்தகத்தை விசிறி மாதிரி விரிச்சு நிக்க வை, இருபது பக்கத்துக்கு ஒரு தடவை அச்சடிக்காத வெள்ளைத்தாள் சொருகு, தாள் ஈரமானா மாத்து, வழவழ பேப்பர் புத்தகத்தை முதல்ல கவனி, அது காஞ்சுதுன்னா பக்கம் ஒட்டிக்கும் அப்புறம் பிரிக்கவே முடியாது, 2 நாள் தாண்டினா பூஞ்சை வந்துடும், முடியாததை ஃப்ரீசர்ல போடு. ஃபேன் போடுன்னார். ஃபேனும் ஃப்ரீசரும் நல்ல யோசனைதான், கடலூர்ல கரண்ட் எங்க இருந்துச்சு! ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு பழைய லெட்ஜர் அட்டையால மாணவருங்க மாத்தி மாத்தி விசிறினாங்க. எல்லாத்தையும் காப்பாத்தலதான், ஆனா பாதிக்கு மேல இன்னும் ரேக்ல இருக்கு.

விருது தர்றோம், 3,000 ரூபாய் கட்டுங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே? (லைப்ரரியன், நெய்வேலி)

கட்டாதீங்க. காசு கட்டி வாங்கினா அது விருது இல்ல, ரசீது. சங்கம் பதிவு ஆயிருக்கா, பொதுக்குழு கூடுதா, கணக்கு தணிக்கை பண்ணி மெம்பருக்குக் காட்டறாங்களா, தேர்தல் நடக்குதா, இவ்ளோ பார்த்தாலே தெரிஞ்சிடும்.

லைப்ரரி கேட்டலாகுக்கு கோஹா சாஃப்ட்வேர் போட்டோம், தமிழ்த் தலைப்பெல்லாம் கொக்கிக் கொக்கியா வருது. வொர்க்‌ஷாப் போனா சரியாகுமா மேற்கொண்டு செலவுதானா? (ஸ்கூல் லைப்ரரியன், லாஸ்பேட்டை)

உங்க பழைய லிஸ்ட் பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்ல டைப் பண்ணதா இருக்கும் மேடம். கண்ணுக்குத்தான் அது தமிழ், கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்து. கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திக்கிட்டு, ஃபைலை யூடிஎஃப்-8ல சேவ் பண்ணி, முதல்ல 10 புத்தகம் மட்டும் ஏத்திப் பாருங்க. கோஹா இலவசம், ஆனா அதோட மல்லுக்கட்டின ஆளோட ஃபோன் நம்பர் இருக்கே, அதுக்காகத்தான் வொர்க்‌ஷாப் போறது. போகும்போது உங்க ஃபைலை பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க, மத்தியான சாப்பாட்டு நேரத்துல பாதி வேலை முடிஞ்சிடும்.

கூட்டத்துக்குப் போனா யார்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல, இங்கிலீஷும் தடுமாறும். (உதவி நூலகர், விருத்தாசலம்)

ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல உட்கார்றேன்னு நீங்களே கேட்டு வாங்கிக்குங்கம்மா. பேக், பேட்ஜ் எடுத்துக் கொடுக்கிற வேலை, யாருக்கும் பிடிக்காது. ஆனா வர்ற அத்தனை பேரும் உங்க முன்னாடி நின்னு பேரையும் ஊரையும் சொல்லித்தான் உள்ள போகணும், நீங்க யாரையும் தேடிப் போக வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேர் அந்த டேபிள்ல கிடைச்சவங்கதான். கட்டுரையெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

காலேஜே நிறுவன உறுப்பினர். நான் தனியா வேற கட்டணுமா?

கட்டுங்க. நீங்க காலேஜ் மாறினா அந்த மெம்பர்ஷிப் கூட வராது, நாற்காலியோடவே தங்கிடும்.

கரையான் தின்ன ஜர்னல் திரும்பக் கிடைச்சுதா சார்? (பாகூர் தம்பியே மறுபடியும்)

ரெண்டு கிடைச்சுது. சிதம்பரத்துல ஒரு மெம்பர் டூப்ளிகேட் வெச்சிருந்தார், பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்தனுப்பினார். மீதி ரெண்டு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன், எங்கயாவது கண்ணுல பட்டா சொல்லுங்க தம்பி.